மணமும் காரமும்

புகையிலைக்கு இந்தப் பெயரை வைத்தவர் யாராயிருந்தாலும் மெச்ச வேண்டும். போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. பெயரிலோ அந்நிய வாடையே இல்லை. மென்றாலும், பொடியாக்கி மூக்கில் இழுத்தாலும் அது 'புகை'யிலைதான். பதிலுக்கு நாமும் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறோம்: ஆங்கிலேயரின் 'செரூட்' நம்முடைய சுருட்டு. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, துப்புத் துலங்குவதற்குத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் உதவுகிறது.

எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் திருவதிகையில் தேரடிக்கு அருகே ஒரு திண்ணையில் மூன்று பெரியவர்கள் நடத்திய தர்க்கத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒருவர் பட்டணம் பொடி. ஒருவர் வெற்றிலையோடு புகையிலை. மூன்றாமவர் கப்பல் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், பைப் பிடிப்பார். ஊரார் அதைச் சுங்கான் என்பார்கள்.

அவர் டப்பாவைத் திறந்தால் வெனிலா மணக்கும். "வர்ஜீனியா இலையில் இயல்பாகவே சர்க்கரை உண்டு. பர்லியில் கிடையாது, ஆனால் எதை ஊற்றினாலும் குடித்துவிடும்" என்பார். அதிமதுரம், கொக்கோ, சர்க்கரைப் பாகு இவற்றில் முதலில் நனைப்பார்களாம். நறுக்கிய பிறகு மேலுக்கு ரம்மோ வெனிலாவோ தெளிப்பார்களாம். சிரியாவின் துறைமுகப் பெயர் கொண்ட லடாக்கியாவுக்கு இவை எதுவும் தேவையில்லை; அது விறகுப் புகையிலேயே கறுத்து மணம் ஏறிய இலை.

"இதென்ன அதிசயம்? நம்ம பக்கத்திலே பனைவெல்லத் தண்ணி தெளிக்கலையா?" என்பார் வெற்றிலைக்காரர்.

"ஓய், நெய்யும் சுண்ணாம்பும் சேர்ந்த பொடிக்கு முன்னாலே உங்க வெனிலா வெறும் குழந்தை மிட்டாய்!" என்று பொடிக்காரர் தும்முவார்.

ஒப்பிடுவதில் ஒரு வேடிக்கை உண்டு. டப்பாவில் மணப்பது வேறு, நாக்கில் தெரிவது வேறு, அறையில் பரவுவது வேறு. வெனிலாக் கலவை எதிரே இருப்பவருக்குப் பாயசம்; அவசரமாக இழுத்தால் பிடிப்பவர் நாக்கைப் பொசுக்கும். லடாக்கியா நேர்மாறு. பிடிப்பவருக்கு அமிர்தம், அடுத்தவருக்கு எரிந்த கோணி. எது உயர்ந்தது என்ற வழக்கு தீராததற்கு இதுவே காரணம்.

சில வருஷங்களுக்குப் பின் வெற்றிலைக்காரருக்குக் கன்னத்தில் ஆறாத புண் வந்தது. புற்றுநோய். அறுவைக்குப் பிறகு பேச்சு போய்விட்டது. மற்ற இருவரும் அவர் எதிரில் டப்பாவை எடுப்பதை நிறுத்தினார்கள். ஒருநாள் அவரே கை நீட்டி, சுங்கான்காரரின் டப்பாவை வாங்கி முகர்ந்தார். இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டினார். பாகு ஜாஸ்தி என்று அர்த்தம். மூவரும் சிரித்தார்கள், பொடிக்காரர் மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதிமதுரம், வெல்லம், நெய், வெனிலா! அவர்கள் சண்டையில் முக்கால்வாசி சமையலறைச் சாமான்களைப் பற்றித்தான். அந்த மணங்களை யாரும் அஞ்சாமல் அனுபவிக்கலாம். புண் மட்டுமே இலையின் சொந்தச் சரக்கு.