உம்மாவின் பென்சில் எழுத்து

 

உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்குள் என்ன இருக்கும் என்பதை நான் சொல்லவா? சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ வந்த கடிதங்கள், தங்கையின் கலியாணக் கார்ட், மூத்த பிள்ளையின் முதலாம் தரத் தேர்ச்சி அறிக்கை, யாரோ கையால் எழுதித் தந்த மருந்துச் சரக்குப் பட்டியல். எறியவும் மனமில்லை, ஒழுங்குபடுத்தி வைக்கவும் நேரமில்லை. இம்மாதம் அந்த டின்னைப் பற்றித்தான் உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

"மௌலவிக்கு இந்த வேலை எதற்கு?" என்று கேட்பீர்கள். கடைசிவரை வாசியுங்கள், விளங்கும்.

என் மகள் 9ஆம் தரத்தில் படிக்கிறாள். 'எங்கள் குடும்பம்' என்ற தலைப்பில் ஸ்கிராப் புக் ஒன்று செய்து வரும்படி பாடசாலையில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் படித்த காலத்தில் சி.ஆர். கொப்பியில் பத்திரிகைப் படங்களை வெட்டி, கோதுமை மாப் பசையால் ஒட்டிக்கொண்டு போவோம். இப்போது அது பெரிய கலையாகிவிட்டது. மகளின் வாயில் புதுப்புதுச் சொற்கள். தடித்த நிறத்தாளுக்குக் கார்ட்ஸ்டொக். படத்தைச் சுற்றிச் சட்டம் போலத் தெரிவதற்கு அடியில் வைக்கும் தாளுக்கு மெட். அச்சினால் பூவாகவும் பிறையாகவும் வெட்டி எடுத்தது டைகட். அலங்காரப் பொருள் எல்லாம் எம்பெலிஷ்மென்ட். டிக்கெட், பில், அழைப்பிதழ் போன்ற துண்டுகளுக்கு எஃபெமெரா. பக்கத்தில் நாம் எழுதும் விபரத்துக்கு ஜேர்னலிங். கல்முனைக் கடையில் 12 அங்குலச் சதுரக் கொப்பியும் வாங்கியாயிற்று.

எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "வாப்பா, முதல் பக்கத்துக்கு வாப்பும்மாட போட்டோ ஒண்டு தாங்க."

என்னிடம் பதில் இருக்கவில்லை.

சகோதரிகளே, இதனை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நான் அறபுக் கல்லூரியில் சேர்ந்தது 1995இல். இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வீடு வந்தபோது எனக்குப் 17 வயது. உருவப்படம் பற்றிய பாடம் ஒன்றை அப்போதுதான் ஓதியிருந்தேன். கெமராப் படம் விடயத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அறியேன். ஒரு கிதாபின் ஒரு பக்கத்தை மட்டும் அறிந்திருந்தேன். சாச்சியின் கலியாணத்தில் எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. உம்மா இருக்கின்ற ஒரேயொரு படம் அது. இளமையின் கடுமையோடு நான் பேசியதைக் கேட்டு, உம்மா தானே அதைக் கழற்றி என் கையில் தந்தார். "இதையும் கிழிக்கணுமா மகன்?" என்று மட்டும் கேட்டார். நான் கிழித்தேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோன அந்த நாளில் மருதமுனையில் எங்கள் வீடும் போனது. உம்மாவும் போனார். அல்லாஹ் அவருக்கு ஷஹீதுடைய கூலியை வழங்குவானாக. பிஸ்கட் டின்னையும் நாங்கள் காணவில்லை.

படம் கூடுமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல இங்கே வரவில்லை. ஒரு தாயின் மனம் நோகாமல் மார்க்கம் பேசத் தெரியாதிருந்தேன் என்பதே என் துக்கம்.

மகளின் சித்திர ஆசிரியை ஒரு வழி காட்டினார். "பெரியகல்லாற்றில் ஒரு வயதான டீச்சர் இருக்கிறா. ஒட்டுக் கொப்பி வைக்கிறதில கெட்டிக்காரி. சுனாமித் தண்ணியில நனைஞ்சதையே காயவைச்சு வைத்திருக்கிறா. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்க" என்றார்.

பெரியகல்லாறு எங்களுக்கு வடக்கே சில மைல் தூரம்தான். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே ஊர். தமிழ் ஊர். மாவட்ட எல்லையைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். 1990க்குப் பின் அங்கும் இங்கும் போய்வரப் பயந்த காலம் ஒன்று இருந்ததை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். ஆனாலும் மருதமுனைக் கைத்தறிச் சீலை தேடி வருவோர் ஒரேயடியாக நின்றுவிடவில்லை.

டீச்சரின் வீடு வாவிப் பக்கம். எண்பதை நெருங்கிய வயது. "வாங்க மௌலவி, வாங்க மகள்" என்று வரவேற்றுத் தேநீர் தந்துவிட்டு, வீங்கிப்போன சி.ஆர். கொப்பி ஒன்றை மேசையில் வைத்தார். அதுவும் சுனாமியில் நனைந்ததே.

"இந்தக் கொப்பிதான் எனக்குப் பாடம் சொல்லித் தந்தது" என்றார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி மகளுக்குக் காட்டினார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சைன் பேனையால் எழுதிய பக்கங்களில் எழுத்தே இல்லை. நீலக் கறை மட்டும். ஸ்டேப்ளர் கம்பி, ஊசி குத்திய இடங்களில் துருப்பிடித்து ஓட்டை. செலோடேப் ஒட்டிய இடம் மஞ்சளாகி, டேப் கழன்று, கறை மாத்திரம் தாளில். கோந்தினால் ஒட்டியவை கழன்று போய்விட்டன. மாப்பசை பூசிய ஓரங்களைப் பூச்சி தின்றிருந்தது. நூலால் தைத்தவை அப்படியே இருந்தன. பென்சிலால் எழுதியவையும் அப்படியே இருந்தன.

பேச்சோடு பேச்சாக, "நீங்க மருதமுனையில எந்தப் பக்கம்?" என்று டீச்சர் கேட்டார். சொன்னேன். உம்மா தறியில் நெய்தவர் என்பதையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் கொப்பியின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்தார்.

சீலை வாங்கும்போதெல்லாம் அதன் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொப்பியில் தைத்து வைப்பது அவர் வழக்கமாம். அந்தப் பக்கத்தில் பச்சைக் கரையுள்ள ஒரு சீலைத்துண்டு. அதனுடன் சேர்த்து நூலால் தைத்த சிறு கடதாசி. அதில் பென்சில் எழுத்து. "இதில என்ன எழுதியிருக்கு எண்டு இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது. கடனுக்குச் சீலை தந்த அந்த அம்மா எழுதித் தந்த துண்டு. உங்கட எழுத்துத்தானே, வாசிச்சுச் சொல்லுங்க."

அது அறபுத் தமிழ். குர்ஆன் மத்ரஸாவில் மட்டும் படித்த எங்கள் முந்திய தலைமுறைப் பெண்கள் கணக்கையும் கடிதத்தையும் அறபு எழுத்தில் தமிழாகவே எழுதி வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வாசிக்கும் முன்பே கையெழுத்தைக் கண்டுகொண்டேன்.

"கல்லாத்து டீச்சர். பச்சைக்கரைச் சீலை. பாக்கி 150. மகன் ஓதுற காசு. அவசரப்படுத்தப்படாது."

ஐந்தே ஐந்து சின்ன வசனம். டீச்சர் சைன் பேனையால் எழுதி வைத்த திகதி கரைந்துவிட்டது. ஆனால் 'மகன் ஓதுற காசு' என்ற சொல்லே எனக்குக் காலத்தைச் சொன்னது. உம்மாவின் படத்தைக் கிழிக்கத் தைரியம் தந்த அந்தக் கல்வி, உம்மா தறியில் இருந்து நெய்து, தவணைக்கு விற்று அனுப்பிய காசில் வந்தது. அதிலும் வாங்கியவரை அவசரப்படுத்தக்கூடாது என்று தனக்குத்தானே எழுதி வைத்திருக்கிறார். முகம் கேட்டு வந்த மகளுக்கு அவரது குணம் கிடைத்தது.

டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தார். சீலைத்துண்டைச் சரிபாதியாக வெட்டி ஒன்றை மகளிடம் கொடுத்தார். எழுத்தை நான் கேட்கவில்லை. போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டோம். அது அவருடைய பக்கத்துக்குரியது.

சகோதரிகளே, இனி உங்கள் டின்னைத் திறவுங்கள். டீச்சர் சொல்லித் தந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

தாள்: பத்திரிகைத் தாள் சில வருடங்களில் மஞ்சளாகி நொறுங்கும். மரக்கூழில் உள்ள பொருளும் அமிலமும்தான் காரணம். பக்கத்திலுள்ள தாளையும் அது கெடுக்கும். செய்தித் துண்டை நல்ல தாளில் பிரதி எடுத்து அதையே வையுங்கள். கொப்பி வாங்கும்போது அமிலம் இல்லாத தாளா என்று கேளுங்கள்.

ஒட்டுதல்: படத்தின் முதுகில் பசை பூசாதீர்கள். சிறு தாளை முக்கோணமாக மடித்து நான்கு மூலைக்கும் உறை போலச் செய்து, அந்த உறைகளை மட்டும் ஒட்டினால் போதும். படத்தை எப்போதும் கழற்றலாம். ஒட்டும் பக்கமுள்ள பழைய அல்பங்களில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம். மெல்லிய நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்தெடுங்கள்.

லெமினேட்: பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பழைய கடிதம் இவற்றின் மூலப்பிரதியை லெமினேட் செய்யவே வேண்டாம். சூட்டில் உருகிப் பிடித்த பிளாஸ்டிக்கைப் பின்னர் கழற்ற முடியாது. பிரதியை வேண்டுமானால் செய்யுங்கள்.

எழுத்து: படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஓரத்தில் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். யார் என்று தெரியாத படம் இரண்டு தலைமுறைக்குப் பின் வெறும் கடதாசிதான்.

நனைந்தால்: படங்களைச் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, முகம் மேலிருக்க நிழலில் தனித்தனியாகக் காயவிடுங்கள். இரண்டு நாட்களுக்குள் செய்ய இயலாவிட்டால் பொலித்தீனில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து, பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.

ஒரு மௌலவியாக நான் சேர்ப்பது இது. அல்லாஹ்வின் திருநாமமோ ஆயத்தோ உள்ள தாளை அலங்காரத்துக்காக வெட்டாதீர்கள். வேண்டாத அத்தகைய தாள்களைக் குப்பையில் போடாமல் கால்படாத இடத்தில் புதையுங்கள்.

இந்த வேலை வெள்ளைக்காரரின் புதுப்பழக்கம் என்று எண்ணவும் வேண்டாம். 1873இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், பசை பூசிய பக்கங்களுள்ள ஸ்கிராப் புக்குக்கு உரிமைப் பத்திரம் எடுத்தார் என்பது உண்மை. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகத்திலும் முகலாயரின் டில்லியிலும் அழகிய கையெழுத்துத் துண்டுகளையும் ஓவியங்களையும் சேர்த்து ஒட்டி ஏடாக்கினார்கள். அதற்குப் பெயர் 'முரக்கஃ'. ஒட்டுப் போட்டது என்று பொருள். ஏழைத் துறவியின் ஒட்டுப்போட்ட ஆடைக்கும் அதே சொல்தான். அதே வேரிலிருந்து வந்தது 'ரிகாஃ', துண்டுகள் என்ற சொல். அபூபக்கர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் காலத்தில் ஸைத் பின் ஸாபித் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் குர்ஆனைத் திரட்டியபோது இத்தகைய துண்டுகளிலிருந்தும் பேரீச்ச மட்டைகளிலிருந்தும் மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் திரட்டியதாக ஹதீஸில் வருகிறது. இறைவேதத்தோடு நம் குடும்பக் கொப்பியை ஒப்பிடவில்லை, அல்லாஹ் பாதுகாப்பானாக. சிறு துண்டுதானே என்று எறியாத ஒரு சமுதாயத்தின் வாரிசுகள் நாம் என்பதையே நினைவூட்டுகிறேன்.

மகளின் கொப்பியில் முதல் பக்கம் முடிந்துவிட்டது. மினுமினுப்பு ஒன்றும் இல்லை. பச்சைக்கரைத் துண்டை அவளே நூலால் தைத்தாள். பக்கத்தில் எழுத்தின் பிரதி. கீழே விபரம் எழுதும் இடத்தைக் காட்டி, "இதை நீங்க எழுதுங்க வாப்பா" என்றாள். பென்சிலை எடுத்தேன். உம்மாவின் பெயரை எழுதினேன். அவருக்குப் படம் ஏன் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.

உங்கள் உம்மா உயிரோடு இருந்தால் இன்றே அவர் கையால் ஏதாவது இரண்டு வரி எழுதி வாங்கி வையுங்கள். வட்டிலப்பத்தின் அளவாக இருந்தாலும் சரி.

யா அல்லாஹ், எங்களைச் சிறு வயதில் வளர்த்தெடுத்த பெற்றோர் மீது கருணை புரிவாயாக. வஸ்ஸலாம்.