கைமாறி வந்த இருக்கை

குழந்தை இருக்கை என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகைதான் முதலில் ஞாபகம் வருகிறது. இருட்டு விலகுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டக் கிளம்பும் அம்மா, தூக்கம் கலையாத தம்பியைத் தோளில் போட்டுப்போய் அங்கே ஏணையில் கிடத்திவிட்டுத்தான் நிரைக்குப் போவார். பிள்ளையை உள்ளே விடுமுன் ஆயா ஏணைக் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். ஒருநாளும் தவறமாட்டார்.

சிம்பாங் அம்பாட்டில் தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. அந்தத் தம்பி இப்போது பத்து காவான் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவன் காடியின் பின்சீட்டில் இருந்தது என் மூத்த மகனுக்கு வாங்கிய இருக்கை. மகன் பாலிடெக்னிக் போய்விட்டான். இடையில் அது புக்கிட் மெர்தாஜாமில் சின்னம்மா வீட்டுக்கு, சுங்கை பாக்காப்பில் மாமன் மகளுக்கு என்று சுற்றிவிட்டுத் தம்பி மகளிடம் வந்து சேர்ந்தது. நடுவில் யாரோ ஒருவர் காடியைப் பின்னாலிருந்து லேசாக இடித்தாராம். அப்போது இருக்கை உள்ளே இருந்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். மாற்றிவிடு என்றேன் தம்பியிடம்.

"நல்லாதான் இருக்கு அக்கா. ஏன் மாத்தணும்? சட்டப்படி சீட் இருந்தா போதும்ல?"

2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் சொந்தக் காடிகளில் குழந்தை இருக்கை கட்டாயம். ஆரம்பத்தில் சம்மன் கொடுக்காமல் எடுத்துச் சொல்வதற்கே அவகாசம் தந்தார்கள். அதனால் போலீஸ் நிறுத்தினால் காட்டுவதற்கு ஒன்று இருந்தால் போதும் என்ற எண்ணம் பல வீடுகளில் தங்கிவிட்டது. சட்டம் கேட்பதோ ஐ.நா.வின் ஆர்44 அல்லது ஆர்129 தரத்துக்குத் தேறிய இருக்கையை. அப்படித் தேறியதில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தோடு ஒரு வில்லை ஒட்டியிருக்கும். எங்கள் இருக்கையில் வில்லை இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும்தான்.

அம்மா தம்பி பக்கம். "ஒங்கள எல்லாம் எந்த சீட்ல வெச்சி வளத்தேன்?" அதுவும் உண்மைதான். அப்பாவின் கப்சாயில் நான் முன்னால் டேங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அம்மா பின்னால் தம்பியை மடியில் வைத்திருப்பார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வரைக்கும் அப்படியே போயிருக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனவர்கள் வீட்டில் யாரும் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

மடியில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் காடி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 10 கிலோ பிள்ளை முன்னால் பாயும் விசை ஏறக்குறைய 140 கிலோ எடைக்குச் சமம். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. சுவீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவர் 1960களில் பிள்ளையைப் பின்னோக்கி உட்கார வைக்கும் இருக்கையை வடிவமைத்ததும் இதற்காகத்தான். விண்வெளி வீரர்கள் மேலே கிளம்பும்போது முதுகால் விசையைத் தாங்குவதைப் பார்த்து வந்த யோசனை. பச்சைப்பிள்ளையின் தலை பெரிது, கழுத்து இளசு. முன்னோக்கி இருந்தால் கழுத்து இழுபடும், பின்னோக்கி இருந்தால் முதுகு முழுக்கப் பகிர்ந்துகொள்ளும்.

"பக்கத்துல புக்கிட் தம்பூன் வரைக்கும்தானே போறோம்" என்றான். அந்த ரோட்டில்தான் லோரிகள் பறக்கின்றன.

கணக்கோ சட்டமோ அவனை மசிய வைக்கவில்லை. அவன் அக்கறையில்லாத தகப்பன் இல்லை. பணம் ஒரு காரணம். இது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்த இருக்கை என்பது அதைவிடப் பெரிய காரணம். அதனால் திட்டுவதை விட்டுவிட்டு, போர்ச்சில் அதை இறக்கி இரண்டு பேருமாகக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் பிளாஸ்டிக்கில் வார்த்த சின்ன வட்டம். நடுவில் வருடம், சுற்றி மாத எண்கள், ஒரு அம்புக்குறி. அவன் பள்ளிக்கூடம் முடிக்காத காலத்து வருடம். பக்கத்திலேயே மயிரிழை போல ஒரு வெடிப்பு. வெயிலில் நிற்கும் காடிக்குள் வருடக்கணக்காக வெந்த பிளாஸ்டிக். வாரின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. யாரோ வெளுக்கும் மருந்து போட்டுத் துவைத்திருக்கிறார்கள், அதில் நாடாவின் பலம் போய்விடும். பக்கிளுக்குள் பிஸ்கட் தூளும் காய்ந்த மைலோவும் அடைத்து, அரைகுறையாகத்தான் பூட்டியது.

தம்பி வாரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். ஆயா செய்தது அவனுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை, ஏணைக்குள் கிடந்தவன் அவன். மறுவாரச் சம்பளத்தில் வில்லை உள்ள புது இருக்கை வந்தது. பின்னோக்கிப் பூட்டி, அடியைப் பிடித்து ஆட்டினோம், அசையவில்லை. "கால் மடங்குதே அக்கா" என்று கவலைப்பட்டான். மடங்கட்டும், கழுத்துதான் முக்கியம் என்றேன்.

பழையதைக் குப்பைத்தொட்டிப் பக்கம் வைக்கப் போனான். விடவில்லை. நல்லாதானே இருக்கு என்று யாராவது எடுத்துப்போய்த் தங்கள் பிள்ளையை உட்கார வைத்துவிடுவார்கள். அம்மாவே உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து வாரை நறுக்கினார்.