பாஸ்டனில் தயிர் தேடி



பாஸ்டன் குளிர் பழகிவிடும், தயிர்தான் பழகாது. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சுவர் நீளத்துக்கு யோகர்ட் அடுக்கி வைத்திருக்கிறார்கள்: ஸ்ட்ராபெரி, புளூபெரி, பீச், வெனிலா. ராத்திரி ஒரு வாய் தயிர்ச்சோறு போதும் என்று போகிறவருக்கு அத்தனையும் வீண். டப்பாவின் மூடித்தாளை உரித்தால் மேலே தண்ணீர் தெளிந்து நிற்கிறது. அதன் கீழே வெள்ளைத் தயிர். ஸ்பூன் அடியைத் தொட்டதும் சிவப்பு ஜாம் கொழகொழவென்று மேலே வருகிறது. இதில் எங்கே சோற்றைப் பிசைவது? இனிப்பில்லாத தயிர் கீழ்த்தட்டில் ஒரு மூலையில் கிடக்கிறது, அதிலும் பாதி கொழுப்பெடுத்தது. பாலிலிருந்து வெண்ணெயை எடுத்துவிட்டுச் சர்க்கரையைக் கொட்டுவது அநியாயம்.

இந்த நாட்டில் தயிர் வியாபாரம் இப்படித் தொடங்கவில்லை. பாஸ்டனுக்கு வடக்கே ஆண்டோவரில், 1929-இல், சர்கிஸ் - ரோஸ் கொலம்போசியன் என்ற ஆர்மீனியத் தம்பதி தங்கள் ஊர் வழக்கப்படியே பாலுக்கு உறை ஊற்றிக் குதிரை வண்டியில் கொண்டுபோய் விற்றார்கள். வாங்கியவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான்: ஆர்மீனியர், கிரேக்கர், அரபியர். புளிப்பு வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ‘கொலம்போ’ என்ற பெயரில் வளர்ந்த அந்தத் தயிரை 1993-இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் வாங்கியது, 2010-இல் நிறுத்தியும் விட்டது.

ஜாம் வந்தது நியூயார்க்கில். ஐசக் கராசோ 1919-இல் பார்சிலோனாவில் டானோன் தயிர் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் மகன் டேனியல் நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்து, ஜோ மெட்ஸ்கரோடு சேர்ந்து 1942-இல் பிராங்க்ஸில் ஒரு சின்னத் தயிர்ப் பட்டறையை வாங்கினார். டேனன் என்ற பெயரில் கண்ணாடிக் குப்பிகளில் விற்ற அந்தத் தயிரைப் சாதாரண அமெரிக்கர்கள் தொடவில்லை. புளிப்பு அவர்களுக்கு ஆகவில்லை. 1947-இல் அடியில் ஸ்ட்ராபெரி ஜாம் வைத்ததும் விற்பனை பிடித்துக்கொண்டது. கடை நடத்த வேண்டியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு தேசத்தின் நாக்கு அன்றைக்குத்தான் திசைமாறியது என்று தோன்றுகிறது. தயிர் அதன்பின் சோற்றுக்கும் ரொட்டிக்கும் துணையாக இல்லாமல் ஐஸ்கிரீமின் தங்கையாகிவிட்டது.

அறுபது வருஷம் கழித்து, கெட்டித் தயிரும் பிழைக்க வந்த ஒருவரால்தான் பரவியது. துருக்கியில் பிறந்த குர்து இனத்தவர் ஹம்தி உலுகாயா, நியூயார்க் மாநிலத்தில் கிராஃப்ட் நிறுவனம் மூடிவிட்டுப் போன ஆலையை 2005-இல் கடன் வாங்கி வாங்கினார். 2007-இல் சோபானி என்ற அவருடைய தயிர் கடைக்கு வந்தது. தண்ணீரை வடித்துவிடுவதால் ஒரு பங்கு தயிருக்கு மூன்று நான்கு பங்கு பால் பிடிக்கிறது. வடிந்த புளிநீரை ஓடையில் விட்டால் மீன் செத்துப்போகும். அதனால் மாட்டுத் தீவனத்துக்கும் வயலுக்கும் அனுப்புகிறார்கள். இவர்களும் பழம் சேர்க்காமல் இல்லை. ஆனால் வெறும் தயிரும் விற்கும் என்று காட்டியதற்கே அந்த மனிதரைக் கும்பிடலாம்.

நண்பா, உன் தங்கை இங்கே படிக்க வரும்போது உறைமோர் கொண்டுவர வேண்டாம் என்று சொல். கொழுப்பெடுக்காத பால், உயிருள்ள நுண்ணுயிரிகள் என்று அச்சிட்ட இனிப்பில்லாத தயிர், இரண்டையும் வாங்கினால் போதும். குளிர்காலத்தில் உறை ஊற்றிய பாத்திரத்தை விளக்கு எரியும் ஓவனுக்குள் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் காலையிலும் பாலாகவே இருக்கும்.