உறைந்த ஆறும் உலர்ந்த ஆறும்

வடக்கே இமயம் என்று நாம் பள்ளிப் பருவம் முதலே சொல்லி வருகிறோம். ஆயினும் அவ்விமயத்தைத் தாண்டி, அதன் முதுகுப்புறம் எங்ஙனம் இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மழை மேகங்கள் எளிதில் ஏறிச் செல்ல இயலாத அப்பக்கத்தில்தான் லடாக் அமைந்துள்ளது. 2024 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், நண்பர் மூவருடன் மணாலியிலிருந்து லே நகர் வரை சாலை வழியே செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவருள் ஒருவர் வாலாஜாபேட்டையைச் சேர்ந்தவர்; இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வேலூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் இராணுவத்திற்குப் பிள்ளைகளை அனுப்பாத ஊர் அரிது. லே, சியாச்சின் ஆகிய பெயர்கள் நம் இல்லங்கள் பலவற்றிற்குப் பழக்கமானவையே. அப்பெயர்களுக்குப் பின்னால் உள்ள நிலத்தைப் பற்றி வாசக அன்பர்களுக்குச் சில சொல்ல விழைகிறேன்.

மணாலிக்கும் லேக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 430 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் சென்றால் ஒரே பகலில் மதுரையை எட்டிவிடலாம். அங்கோ இரண்டு நாள் ஆகின்றது. முன்னர் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயில் ஏறி இறங்கியே தீரவேண்டும். 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை அத்துன்பத்தை நீக்கிவிட்டது. சுரங்கத்தின் தென்வாயிலில் தேவதாரு மரங்கள் அடர்ந்து நின்றன. வடவாயிலில் வெளிப்பட்டதும் மரங்கள் குறைந்து, மலைகள் மொட்டையாக எழுந்தன. ஒரே மலையின் இருபுறமும் இருவேறு நாடுகளோ என வியந்தோம்.

தாண்டி என்னும் சிற்றூரில் சந்திரா, பாகா என்னும் இரு ஆறுகள் கலந்து, பின்னர்ச் செனாப் எனப் பெயர் பெறுகின்றன. அங்கிருந்து மேலே செல்லச் செல்ல, சிகரங்களின் இடுக்குகளில் பனியாறுகள் தொங்குவதைக் கண்ணுற்றோம். பனியாறு என்பது மலைமேல் கிடக்கும் வெறும் பனியன்று. ஆண்டுக்காண்டு பெய்யும் வெண்பனி, தன் பாரத்தாலேயே இறுகிக் கெட்டிப் பனிக்கட்டியாகி, சரிவில் மெல்ல மெல்ல நகர்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத நடைதான். ஆயினும் அது ஓடும் ஆறே. மேலே பனி சேர்கின்றது, கீழே உருகி நீராகின்றது. வரவும் செலவும் சமமாக இருக்கும் வரையில் பனியாறு வாழும். செலவு மிகுந்தால் அது தேயும். சந்திரா ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள சோட்டா சிக்ரி என்னும் பனியாற்றை அறிவியலார் 2002 முதல் அளந்து வருகின்றனர். சேர்வதைவிடக் கரைவதே அங்கு மிகுதி என்பது அவர்கள் கண்ட கணக்கு. ஐக்கிய நாடுகள் அவை 2025 ஆம் ஆண்டைப் பனியாறுகளின் பாதுகாப்புக்கென ஒதுக்கியதும் இக்கவலையால்தான்.

மறுநாள் பாராலாச்சா கணவாயை எய்தினோம். உயரம் 4,800 மீட்டருக்கும் மேல். பாகா ஆறு பிறக்கும் சூரஜ் தால் ஏரி அதன் அடியில் நீலமணி போல் கிடந்தது. காற்றில் உயிர்வளி குறைவாதலின் பத்தடி நடப்பதற்குள் நெஞ்சு படபடத்தது. ஓய்வு பெற்ற நம் வீரர், "சாமி, பேச்சைக் குறையுங்கள், தண்ணீரை நிறையக் குடியுங்கள், மூச்சு தானாக வரும்" என்றார். பல ஆண்டுகள் அந்தக் குளிரில் காவல் நின்றவரின் சொல் அது, உடனே பணிந்தோம். வழியெங்கும் சாலை செப்பனிடும் தொழிலாளரைக் கண்டோம். அவருள் பலர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். மலைச்சரிவில் கல் உடைக்கும் அவர்கள் கைகளால்தான் நம் வண்டிகள் உருள்கின்றன.

இனி, அங்கு வாழும் உயிர்களைப் பற்றி. சாலையோரப் புல்வெளியில், அணில் இனத்தைச் சேர்ந்த மர்மோட் என்னும் கொழுத்த விலங்கு பின்னங்கால்களில் நின்று எங்களை நோட்டமிட்டது. கோடையில் உண்டு கொழுத்து, குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்குவது அதன் இயல்பு. மோரே சமவெளியைக் கடந்து, சாலையிலிருந்து சற்று விலகி த்சோ கார் ஏரிக்குச் சென்றபோது, கியாங் என்னும் காட்டுக் கழுதைகள் செந்நிற மேனியுடன் கூட்டமாக மேய்ந்தன. லடாக்கின் ஏரிக்கரைகளில் வரித்தலை வாத்துகள் கோடையில் குஞ்சு பொரிக்கின்றன. இமயத்தைப் பறந்து கடக்கும் இவ்வினப் பறவைகள் குளிர்காலத்தில் நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்திற்கும் வருகின்றன. நாம் இரண்டு நாள் இரைத்து இரைத்துக் கடந்த மலையை அவை சிறகாலேயே கடக்கின்றன! பனிச்சிறுத்தையை நாங்கள் காணவில்லை. 2024 சனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உள்ள 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கிலேயே வாழ்கின்றன. இவ்வுயிர்கள் எல்லாம் அருந்தும் நீர் பெரும்பாலும் உருகிய பனியே.

5,300 மீட்டருக்கும் மேலான தக்லாங் கணவாயைக் கடந்து இறங்கி, உப்ஷியில் சிந்து நதியைத் தரிசித்து, மாலையில் லே சேர்ந்தோம். இவ்வழி நம் திருச்சபை வரலாற்றுக்கும் அயலானது அன்று. 1631 இல் போர்ச்சுகீசிய இயேசு சபைக் குரு பிரான்சிஸ்கோ தெ அசெவேதோ லே அரசரைக் கண்டு, லாகூல், குல்லு வழியாகத் திரும்பினார். 1715 சூனில் இத்தாலியரான இப்போலித்தோ தெசிதேரி அடிகளார் காஷ்மீரிலிருந்து லே வந்து, பின்னர் லாசா சென்று திபெத்திய மொழியில் நூல்கள் இயற்றினார். அதே தெசிதேரி 1725 இல் புதுச்சேரிக்கு வந்து தமிழும் பயின்றார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

லேயில் ஓராண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். நம் பகுதியில் பெய்யும் மழை அதைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஆயினும் அங்கே பார்லி வயல்கள் பொன்னென விளைந்து கிடந்தன. எப்படி? ஊர்தோறும் 'சுர்போன்' என்றொருவரை மக்கள் தேர்ந்து வைத்திருக்கின்றனர். பனியாற்று ஓடை நீரை எந்த வயலுக்கு, எந்த நேரம், எவ்வளவு விடுவது என்பது அவர் பொறுப்பு. அவர் முறையை மீறி மடையைத் திறக்க எவரும் துணிவதில்லை.

விதைக்கும் காலமாகிய ஏப்ரல், மே மாதங்களில் உயரத்துப் பனியாறுகள் போதிய அளவு உருகுவதில்லை. இக்குறையை நீக்க, செவாங் நோர்பெல் என்னும் பொறியாளர் 1987 முதல் ஒரு வழி கண்டார். குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடை நீரை, ஊருக்கு அருகே மலைநிழலில் தாழ்ந்த கற்சுவர்களுக்குப் பின்னே தேக்கி உறைய விட்டார். தாழ்வான இடமாதலின் அது முன்னதாகவே உருகி, விதைப்புக்கு உதவுகின்றது. 2015 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சோனம் வாங்சுக் என்பார் நீரைக் குழாய் வழியே மேல்நோக்கிப் பீச்சிக் கூம்பு வடிவில் உறையச் செய்தார். வெயில் படும் பரப்புக் குறைவதால் கூம்பு மெல்லக் கரைகின்றது.

இவற்றைக் கண்டபோது என் நினைவு பாலாற்றிற்குச் சென்றது. நமக்குப் பனியாறு இல்லை. மணலே நம் சேமிப்பறை. ஆற்றின் அடியில் ஊறி நிற்கும் நீரை நம் முன்னோர் ஊற்றுக்கால் தோண்டிப் பெற்றனர். வாலாஜா அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீர் செல்லும் முறையும் நம்மிடம் உண்டு. சுர்போனுக்கு இணையாக நம் ஊர்களில் நீர்க்கட்டி இருந்தார். மதகு திறந்து முறை வைத்து நீர் பாய்ச்சி, அறுவடையில் நெல் கூலி பெற்றார். இன்று எத்தனை ஊர்களில் அவர் பெயரையாவது பிள்ளைகள் அறிவர்? மணலை அள்ளினோம், தோல் பதனிடும் கழிவைக் கலக்க விட்டோம். 1996 இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புரைக்க வேண்டியதாயிற்று. அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது என்பதும் உண்மை. ஆயினும் அக்குடும்பங்களும் நீர் பருகியே வாழவேண்டும்.

2021 நவம்பரில் பாலாறு இருகரை தொட்டு ஓடியதை நாம் கண்டோம். வாய்க்கால்களும் ஏரிகளும் தூர்ந்திருந்தால் அத்தகைய வெள்ளமும் கடலையே சேரும். ஆகவே ஒன்று வேண்டுகிறேன். அடுத்த பருவமழைக்கு முன் உங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் குடும்பத்தோடு ஒருமுறை சென்று பாருங்கள். வரத்துக் கால்வாய் திறந்திருக்கிறதா, மதகு சீராக உள்ளதா என்று பெரியவர்களைக் கேளுங்கள். பழைய நீர்க்கட்டி எவரேனும் உயிரோடு இருப்பின், அவர் அறிந்ததை இளைஞர்கள் கேட்டு எழுதி வைக்கட்டும்.