கைம்முதல் இல்லாக் காணி வியாபாரம்

காணி வாங்குவது நம்மவர்க்கு வாணிகமன்று. ஏறக்குறைய ஒரு சடங்கு. பெண்பிள்ளை பிறந்தால் ஒரு வளவு, பையன் உத்தியோகம் பார்த்தால் ஒரு தோட்டத் துண்டு, கடல் கடந்து போனால் வீதிக்கரையில் ஒரு பெருங்காணி என்று வாழ்க்கையின் படிகளையெல்லாம் பரப்புக் கணக்கிலேயே அளந்து வந்திருக்கிறோம். வாங்கியதை விற்பதோ துக்கச் செய்தி. "அவர்கள் காணியையும் விற்றுப்போட்டார்களாம்" என்று சொல்லும்போது சொல்பவர் குரல் தாழ்ந்துவிடுவதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். இத்தகைய ஊரில், காணியை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன் என்று ஓர் இளைஞர் வந்து நின்றால் வியப்புத் தோன்றாமல் இருக்குமா?

அவர் அயல்வீட்டுப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் வணிகம் படிப்பவர். நாம் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் நெடுங்காலம் உறுதி எழுதியவராதலால் நம்மைத் தேடி வந்தார். "ஐயா, கையில் ஒரு சதமும் இல்லாமல் காணி யாவாரம் தொடங்கலாமாம். உண்மையோ?" என்று கேட்டார்.

அவர் விவரித்த முறை அமெரிக்காவில் பரவியது. அங்கே இதனை 'ஹோல்சேலிங்', அதாவது மொத்த வியாபாரம், என்கிறார்கள். மொத்தமாக எதையும் வாங்குவதில்லை என்பதுதான் வேடிக்கை. அவசரப்பட்டு வீடு விற்க நிற்பவர் ஒருவரைக் கண்டுபிடித்து, இன்ன விலைக்கு வாங்குவதாக ஒப்பந்தம் எழுதிச் சிறுதொகையை முற்பணமாகக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அவ்வீட்டைக் கூடிய விலைக்கு வாங்கக்கூடிய இன்னொருவரைத் தேடிப் பிடித்து, ஒப்பந்தத்தையே அவருக்குக் கைமாற்றிவிட வேண்டும். இடையில் நிற்கும் தொகை இவருடையது. வீடு ஒருநாளும் இவர் பெயருக்கு வருவதில்லை. அந்நாட்டிலேயே இதற்குக் கடிவாளம் போட வேண்டி வந்தது. ஓராண்டில் ஒரு தடவைக்கு மேல் இவ்வாறு செய்பவர் தரகு உரிமம் பெறவேண்டும் என்று இலினோய் மாநிலம் 2019 இல் சட்டம் செய்தது. 2021 இல் ஒக்லகோமா மாநிலமும் இவ்வியாபாரத்துக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது.

நம் ஊரிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. "காணி என் கைக்குள்ளே இருக்கிறது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லும் தரகரை அறியாதார் யார்? அவருடைய கைக்குள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. காணி விற்பனை மாத்திரமன்றி, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்கக் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது என்பது அதன் விதி. முத்திரை ஒட்டிய தாளில் விற்பவர் கையெழுத்து வைத்தார் என்பதோ, நாலுபேர் முன்னிலையில் வாக்குக் கொடுத்தார் என்பதோ காணியைக் கட்டிவைக்காது. ஆகவே தரகரின் கைக்குள்ளே இருப்பது பெரும்பாலும் அவருடைய விரல்களே.

இதைச் சொன்னதும் தம்பி சோர்ந்துவிடவில்லை. தமக்கு ஒரு காணி தெரியும் என்றும், உறுதியை வந்து பார்க்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் காணி; நான்கு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் ஆதலால் இது கால் ஏக்கர். (இது வரகுப் பரப்புக் கணக்கு, வயற்காணிக்கு நெற்பரப்பு வேறு. உறுதியில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று பாராமல் விலை பேசுவோர் படித்தவர்களிலும் உண்டு.) உரிமைக்காரி ஓர் ஆச்சி; கணவரை இழந்தவர். பேத்தியின் வீடு கூரையின்றி நிற்பதால் விற்க நினைத்திருந்தார். பரப்பு எட்டு இலட்சம் வந்தால் போதும் என்றார்.

ஆச்சி தகரப்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தது 1971 ஆம் ஆண்டுச் சீதன உறுதி. அதில் நம் கண் முதலில் போய் நின்ற சொல் 'பிரிவுபடாத' என்பது. நான்கு பரப்பில் பிரிவுபடாத அரைப்பங்கே ஆச்சிக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டது. மற்ற அரைப்பங்கு அவருடைய தமையனாருக்கு உரியது. அவர் இறந்து பல ஆண்டுகளாயிற்று. பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். ஆச்சியோ ஐம்பது ஆண்டுகளாக முழுக்காணியையும் வேலியடைத்து, தென்னை நட்டு, தனியே ஆண்டு வந்திருக்கிறார். "பத்து வருஷம் ஆண்டால் ஆட்சி உரித்து வந்துவிடும் அல்லவா?" என்று தம்பி கேட்டார். 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் பத்தாண்டு என்று உள்ளது உண்மையே. ஆனால் பங்காளிகளுள் ஒருவர் காணியில் இருப்பது எல்லாருக்காகவும் இருப்பதாகவே கொள்ளப்படும்; மற்றவரைப் புறந்தள்ளி ஆண்டதற்குத் தனியே சான்று வேண்டும். இலங்கையிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் பிறிவிக் கவுன்சில் 1911 இல் இதனைத் தீர்த்துச் சொல்லிவிட்டது.

போர்க்காலம் இக்கணக்கை இன்னும் சிக்கலாக்கியிருக்கிறது. ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை எண்ணலாகாது என்று 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வழக்கிட அது கொடுத்த தவணையோ இரண்டே ஆண்டுகள். ஊரிலேயே இல்லாதவர்களுக்கு அச்செய்தி எட்டுவதற்குள் தவணை கழிந்துவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம்.

ஆகவே ஆச்சி விற்கக்கூடியது அரைப்பங்கு. அதையும் நினைத்தவுடன் அந்நியருக்கு விற்றுவிட முடியாது. தேசவழமைப்படி பங்காளிக்கும் உரிமை வாரிசுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை வரையறுத்திருக்கிறது. அறிவித்தல் கொடாமல் உறுதி முடித்தால், பிற்பாடு கனடாவிலிருந்து ஒருவர் வந்து வழக்கிட இடமுண்டு. ஆச்சியின் கணவர் உயிரோடிருந்திருந்தால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமும் வேண்டியிருக்கும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியைத் தனியே விற்கலாகாது என்பது 1911 முதல் உள்ள விதி. அவ்விதி நியாயமானதா என்பதைப் பெண் வாசகர்களின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறோம்.

பிறகு தம்பியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பினோம். தோம்பு பார்த்தல் என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தோம்பு போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றால், பணங்கொடுத்து வாங்கியவருள் முதலில் பதிந்தவரே பொதுவாக வெல்வார். ஆகவே உறுதி முடிந்த பின் நல்லநாள் பார்த்துப் பதிவோம் என்று இருப்பது பெருந்தவறு. தம்பி மூன்று நாள் அலைந்து, ஈடு, ஒற்றி, வழக்கு எதுவும் காணியின்மேல் இல்லை என்று அறிந்துவந்தார். புத்தகப் படிப்பு மூன்று ஆண்டில் தராத ஓர் ஒளியை அவர் முகத்தில் அன்று கண்டோம்.

இதற்கிடையில் வாங்குபவர் ஒருவரையும் அவர் தேடிப் பிடித்திருந்தார். பரப்புக்குப் பதினொரு இலட்சம் கொடுக்க ஆயத்தமானவர். ஆச்சி கேட்டதோ எட்டு. இரண்டு பரப்புக்கு ஆறு இலட்சம் இடையில் நிற்கிறது. அமெரிக்க முறைப்படி அந்த ஆறு இலட்சமும் தம்பியுடையது. அதற்காகவே அவர் இத்தொழிலை நாடினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை; அவருக்குக் கட்ட வேண்டிய கடனும் உண்டு.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு இலட்சம் என்று ஆச்சி சொன்னது சந்தை தெரிந்து சொன்ன விலையா, கூரைச் செலவைக் கணக்குப் பார்த்துச் சொன்ன விலையா என்று மாத்திரம் கேட்டோம். தம்பி இரண்டு நாள் நம் வீட்டுப்பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் ஆச்சியிடம் போய், பதினொரு இலட்சத்துக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அப்ப தம்பி, நீ எவ்வளவு எடுப்பாய்?" என்றாராம்.

"நூற்றுக்கு இரண்டு, ஆச்சி."

"மூண்டு எடு. கந்தோருக்கு அலைஞ்சது நீதானே."

நூற்றுக்கு மூன்று வீதம் அறுபத்தாறாயிரம். ஆறு இலட்சத்தோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. எனினும் பேசி வாங்கிய தரகுக்கும் பேசாமல் எடுத்த இடைவெளிக்கும் உள்ள வேறுபாடு ஊரில் விரைவில் தெரிந்துவிடும். அதே ஒழுங்கையில் இன்னும் இரு வீட்டார் தங்கள் உறுதிகளைக் காட்டத் தம்பியை அழைத்திருக்கிறார்கள்.

தாமே காணி வாங்கி வைக்க விரும்பும் மாணவர்களுக்குச் சில சொல்லலாம். வாங்கும்போது முத்திரைத் தீர்வை ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு. அதை வாங்குபவரே கொடுப்பது வழக்கம். நொத்தாரிசு கூலி, அளவைக் கூலி வேறு. எனவே காணி நூற்றுக்கு ஐந்தாறு ஏறினாலும் வாங்கியவர் கையில் இலாபமில்லை. வெறுங்காணி சோறு போடாது; வெங்காயத்துக்கோ புகையிலைக்கோ குத்தகைக்குக் கொடுக்கக்கூடிய தோட்டத்துண்டு, பூட்டிய படலைக்குள் பற்றை வளரும் வளவைவிட மேலானது. வெளிநாட்டில் இருப்பவரின் தத்துவப்பத்திரத்தைக் கொண்டு ஒருவர் விற்க வந்தால், பத்திரம் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று அறிந்துகொள்ளுங்கள். அவர் இறந்தால் தத்துவமும் பொதுவாக இறந்துபோம். வழிவாய்க்கால் உரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒழுங்கையில்லாக் காணி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு.

ஆச்சியின் உறுதி இன்னும் முடியவில்லை. தமையனார் பிள்ளைகளுக்குப் பதிவுத் தபாலில் அறிவித்தல் போயிருக்கிறது, மறுமொழி வரவில்லை. அவர்களும் தம் பங்கை விற்க இணங்கினால் நான்கு பரப்பும் ஒன்றாகவே போகும். இணங்காவிட்டால் காணியைப் பிரிக்க வேண்டும். நில அளவையாளர் கயிறு பிடித்துப் பார்த்ததில் கிணறு வடக்குப் பாதியில் விழும் போலத் தெரிகிறது. வாங்க வந்தவர் கேட்ட முதற் கேள்வியே கிணற்றுத் தண்ணீர் நன்னீரா என்பதுதான்.