மேஜர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம்

நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்திலுள்ள வெல்லிங்டனில் ஒரு விசித்திரமான கலாசாலை உண்டு. அங்கே வாசிக்கும் மாணாக்கர்கள் முப்பது வயதைத் தாண்டியவர்கள். பெரும்பாலும் பிள்ளை குட்டிக்காரர்கள். ராணுவத்தில் மேஜர், கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர், விமானப் படையில் ஸ்குவாட்ரன் லீடர் என்று உத்தரவிட்டே பழகியவர்கள். அவர்களை மறுபடியும் பெஞ்சியில் உட்கார வைத்து, சுமார் பத்து மாத காலம் பாடம் நடத்துகிறார்கள். ராணுவ அதிகாரிகள் இதில் இடம் பெறுவதற்கே கடுமையான போட்டிப் பரீட்சை எழுதியாக வேண்டும். எர்ணாவூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கு இதைக் கேட்டதும் உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? பரீட்சைப் பயம் மேஜரையும் விடுவதில்லை!

இந்தக் கலாசாலையின் சின்னம் ஆந்தை. நம் வீட்டுக் கூரையில் அது வந்து உட்கார்ந்தால் பாட்டிமார் கல்லெடுத்து விரட்டுவார்கள். அங்கேயோ அறிவின் அடையாளமென்று கொண்டாடுகிறார்கள். யுத்தத்தை அறிவால் நடத்து என்பது அதன் கீழுள்ள வடமொழி வாசகத்தின் கருத்து.

இதன் பூர்வோத்தரம் நாட்டின் சரித்திரத்தோடு பிணைந்தது. 1905-இல் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் ஆங்கிலேயர் தொடங்கினர். 1907-இல் குவெட்டாவுக்குக் கொண்டு போயினர். 1947-இல் தேசம் பிரிந்தபோது குவெட்டா பாகிஸ்தானுக்குப் போயிற்று. கட்டடம் அங்கேயே நின்றுவிட்டது. எஸ். டி. வர்மா என்ற அதிகாரியை முதல் தலைவராகக் கொண்டு வெல்லிங்டனில் புதிதாகத் தொடங்கினார்கள். 1948 ஏப்ரலில் வகுப்பு ஆரம்பமாயிற்று. சுதந்திரம் வந்து எட்டே மாதம்! அகதிகளும் காஷ்மீர யுத்தமும் கண்முன் நின்ற வேளையில், நடு வயது அதிகாரிகளைப் படிக்க வைப்பதற்கு நேரம் ஒதுக்கிய அந்தத் தீர்க்க தரிசனத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அப்படி என்னதான் கற்பிக்கிறார்கள்? துப்பாக்கி பிடிப்பதை அன்று. அதை முன்பே கற்றுவிட்டார்கள். சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு தேசப்படத்தை விரித்து, இல்லாத ஒரு யுத்தத்தைச் சொல்லி, திட்டம் போடச் சொல்கிறார்கள். தரைப்படைக்காரர் பேசும்போது கடற்படைக்காரர் மறுக்கிறார். விமானப் படைக்காரர் இருவரையும் மறுக்கிறார். வெளிநாட்டு அதிகாரிகளும், துணைப் படைகளையும் சிவில் உத்தியோகத்தையும் சேர்ந்த சிலரும் கூட அமர்கிறார்கள். முடிவில் நமது சென்னை சர்வகலாசாலை எம்.எஸ்ஸி. பட்டம் வழங்குகிறது. நம் அபிப்பிராயத்தில் பட்டத்தைவிட அந்த வாக்குவாதமே பெரிது. தனக்குக் கீழ்ப்பட்டவனை நடத்துவது இருபத்தைந்து வயதிலேயே வந்துவிடும். தன் உத்தரவுக்குக் கட்டுப்படாத மற்றொருவனோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிப்பது எளிதில் வருவதில்லை.

கலாசாலையின் தலைமைப் பதவியும் மெத்தையிட்ட ஆசனம் அன்று. 1943-இல் குவெட்டாவில் பயின்ற மானெக்ஷா, 1959-இல் வெல்லிங்டனுக்குத் தலைவராக வந்தார். மனத்தில் பட்டதைச் சொல்லும் சுபாவம். தேச விசுவாசம் இல்லாதவரென்று புகார் எழுந்து, விசாரணை நடந்து, குற்றமற்றவர் என்று முடிந்தது. 1971 யுத்தத்தில் சேனையை நடத்தியவர் அவர்தாம். 2008-இல் அவர் உயிர் பிரிந்ததும் அதே வெல்லிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில்.

முப்படைகளையும் ஒன்றிணைக்கவென்றே 2020 ஜனவரியில் ஏற்பட்ட புதிய பதவியை முதலில் வகித்த ஜெனரல் பிபின் ராவத், 2021 டிசம்பர் 8-ந் தேதி இந்த மாணாக்கர்களிடையே பேசுவதற்காகச் சூலூரிலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்பினார். குன்னூர் மலைச்சரிவில் அது விழுந்தது. அவரும், மனைவியாரும், உடன் சென்றவர்களும் மாண்டார்கள். அக்கலாசாலையின் ஆசிரியர்களில் ஒருவரான வருண் சிங் ஒரு வாரம் உயிரோடு போராடி மறைந்தார்.

மலைமேல் நடக்கும் இந்தச் சமாசாரத்தினால் கடற்கரையிலுள்ள எர்ணாவூருக்கு என்ன என்று நேயர்கள் கேட்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானிய எம்டன் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. வந்தவன் எதிரி, அவனை விரட்டுவது யார் வேலை என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. 2017 ஜனவரி 28 விடியுமுன் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டபோது எதிரி என்று ஒருவனும் இல்லை. கறுத்துக் கெட்டிப்பட்ட எண்ணெய்தான் நம் கரைக்கு வந்தது.

கடலில் மிதக்கும்போது அது ஓர் இலாகாவைச் சேர்ந்தது, துறைமுக எல்லைக்குள் இன்னொன்றை, கரையேறிவிட்டால் மூன்றாவதை, அதில் செத்த மீனோ நான்காவதை. "இது எங்கள் எல்லையில் வராது" என்று ஓர் உத்தியோகஸ்தர் சொன்னதை, கற்குவியலின் மேல் நின்று நம் காதாலேயே கேட்டோம். அவர் பொய் சொல்லவில்லை. எல்லை அவ்விதமே வகுக்கப்பட்டிருந்தது. 1996-ஆம் வருஷத்திய தேசியத் திட்டப்படி ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவற்படைக்கு உரியது. அவர்களும் வந்து முன் நின்றார்கள். உறிஞ்சும் யந்திரங்கள் அந்தக் குழம்பிடம் தோற்றுப் போகவே, வாலிபர்களும் மாணவர்களும் வாளிவாளியாக அள்ளினார்கள். அதற்குள் எண்ணெய் மெரினா வரையில் போய்விட்டது. மீன் வாங்குவார் இல்லை. குப்பத்துப் பெண்கள் கூடையோடு திரும்பி வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய். இம்முறையும் வலைஞர்கள் கையாலேயே அள்ளினார்கள்.

டில்லியில் 1960-இல் தொடங்கிய தேசியப் பாதுகாப்புக் கலாசாலையில் பிரிகேடியர்களும் கலெக்டர் உத்தியோகம் பார்த்தவர்களும் ஒன்றாகவே படிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு டெலிபோனை எடுக்கப் போகிறவர் அங்கே படித்து வந்த பெரியவர் அல்லர். தாசில்தார், துறைமுக அதிகாரி, காவற்படையின் இளம் கமாண்டர், மீன்வளத் துறை இன்ஸ்பெக்டர் ஆகியோரே. இவர்களுக்கு எந்தப் பெஞ்சி? கடலில் ஒத்திகைகள் நடக்கின்றன, மறுப்பதற்கில்லை. நாம் கேட்பது கரையில் ஓர் அறை. நம்மைப் போன்ற ஆசிரியருக்கு நடத்துகிற மாதிரி, வருகைப் பதிவில் கையெழுத்திட்டுத் தேநீர் குடித்துக் கலையும் இரண்டு நாள் பயிற்சி வேண்டாம். வருஷத்துக்கு ஒரு வாரம் போதும். எண்ணூர் முதல் காசிமேடு வரையிலான படத்தை விரித்து, இரண்டு கப்பல்கள் மோதிவிட்டன என்று சொல்லி, வெல்லிங்டனில் செய்வதுபோல் சண்டை போட விடட்டும். எர்ணாவூர்க் குப்பத்து வலைஞர் ஒருவரையும் கூப்பிட வேண்டும். தை மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவரைக் கேட்டுக்கொண்டு பிறகு திட்டத்தை எழுதலாம்.