நாலே முக்கால் மணி ஜீப்

போன மே மாதம் ஒரு தீம் பார்க்கில், தண்ணீர்ச் சறுக்கில் பத்து விநாடி வழுக்கி வருவதற்காக என் மகள் முக்கால் மணி நேரம் கம்பித் தடுப்புக்குள் நின்றாள். துணைக்கு நானும் நின்றேன். எந்த ஊர், எந்தப் பார்க் என்பதெல்லாம் வேண்டாம். லீவு நாளில் எல்லாப் பார்க்கும் அந்தப் பார்க்தான். எனக்கு முன்னால் நின்றவரின் ஈரப் பனியன் முதுகு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. சறுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் மகளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் அரையாண்டு லீவுக்கு எங்கே என்ற பேச்சு வீட்டில் எழுந்ததும் போடிநாயக்கனூர் மச்சானுக்குப் போன் போட்டேன். பல வருஷம் தோட்டத்து ஜீப் ஓட்டியவர். இப்போது ஓர் ஏலக்காய்க் கடையில் இருக்கிறார். பழைய ஜீப் ஒன்றை மட்டும் விற்க மனசில்லாமல் வைத்திருக்கிறார். கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

“கூட்டம் இல்லாத இடமா? கிறிஸ்துமஸ் லீவுல அப்படி ஒண்ணும் கிடையாது மாப்ள. கூட்டம் இல்லாத நேரம் வேணா இருக்கு. நாலு மணிக்கு எந்திரிப்பீகளா?”

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், விடிவதற்கு ரொம்ப முன்னால், போடியில் ஒரு டீக்கடை வாசலில் நின்றோம். மகள் போர்வையை விடவில்லை; அதைச் சுற்றிக்கொண்டேதான் வந்தாள். ஊர் தூங்கும் என்று நினைத்தது என் தப்பு. தெரு முழுக்க ஜீப். ஒவ்வொன்றிலும் பின்னால் பத்துப் பேருக்குக் குறையாமல் பெண்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, மடியில் தூக்குவாளி. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். ஆடி, ஆவணியில் தொடங்கும் அறுவடை மாசி வரைக்கும்கூட இழுக்கும். ஒரே செடிக்கு நாற்பது, நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு தரம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். போடியில் மட்டுமில்லை, தேவாரத்திலும் கம்பத்திலும் இதே நேரத்துக்கு இதே காட்சிதான்.

பக்கத்து ஜீப்பிலிருந்து ஓர் அம்மா மகளைப் பார்த்துக் கேட்டார்: “இந்தப் பாப்பாவும் காயெடுக்க வருதா?”

“இல்லம்மா, சுத்திப் பார்க்க” என்றேன்.

“சுத்திப் பார்க்கவா? இந்நேரத்துலயா?” என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல, ஜீப்பே சிரித்தது. நாலே முக்காலுக்கு அந்த ஜீப் கிளம்பியது. அதன் பின்னாலேயே நாங்களும்.

மச்சானின் கணக்கு எளிது. சுற்றுலா வருகிறவர்கள் எட்டு மணிக்கு எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைக்கு மேல் மலை ஏறுவார்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து போடிக்கு ரயில் விட்ட பிறகு, அதில் ராத்திரியெல்லாம் வந்து இறங்குகிறவர்களும் காலை டிபனை முடித்துவிட்டு அதே நேரத்துக்குத்தான் மேலே திரும்புகிறார்கள். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய மதுரை ரயில், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் வராமலே இருந்த ஊர் இது; வந்ததில் அவருக்கும் சந்தோஷம்தான். “ஆனா எல்லாருக்கும் ஒரே நேரத்துல பசிச்சு, ஒரே நேரத்துல மலை பார்க்கணும்னு தோணுது. அதுக்கு யாரு என்ன செய்ய?”

தீம் பார்க்கிலும் இதுதான் நடக்கிறது. கதவு திறக்கிற நேரத்துக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர். பதினொன்றுக்கு மேல் மொத்தமும் வந்து, வாசலுக்குப் பக்கத்தில் எது சுற்றுகிறதோ அதில் போய் விழுகிறது. டிஸ்னிக்காரர்கள் 1999-லேயே இதைப் பார்த்து, வரிசையில் நிற்பதற்குப் பதிலாக ‘இத்தனை மணிக்குத் திரும்பி வா’ என்று சீட்டுக் கொடுத்தார்கள். ஆளைக் குறைக்கவில்லை, நேரத்தைப் பிரித்தார்கள். மூணாறுக்கு மேலே வரையாடு பார்க்கப் போகும் இரவிகுளத்திலும் இப்போது நேரம் குறித்துத்தான் டிக்கெட். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அடுத்த வருஷக் கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அங்கே பாஸ் கிடைக்காதவர்கள் வண்டியை இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள் என்பது மச்சானின் சந்தேகம். இருக்கலாம்.

முந்தலில் சோதனைச் சாவடி. அங்கே பாதை பிரிகிறது: ஒன்று குரங்கணிக்கு, இன்னொன்று போடிமெட்டுக்கு. கொச்சியிலிருந்து தொண்டிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85 இந்த மலையில்தான் ஏறுகிறது, 17 கொண்டை ஊசி வளைவுகளோடு. இருட்டில் வளைவு தெரியவில்லை. முன்னால் போகும் ஜீப்புகளின் சிவப்பு விளக்குகள் நமக்கு மேலே, தலைக்கு நேராக, எதிர்த் திசையில் போவதை வைத்துத்தான் பாதை மடிந்திருப்பதை மகள் கண்டுபிடித்தாள். அவள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். ஆறாவதில் காது அடைத்தது. ஒன்பதாவதில் எண்ணிக்கை தவறியது. ஜீப் ஓட்டுகிறவர்கள் யாரும் அவசரப்படவும் இல்லை, ஒருவரை ஒருவர் முந்தவும் இல்லை. ஹாரன் சத்தமே கேட்கவில்லை. வளைவுக்கு முன்னால் விளக்கை ஒரு தரம் தூக்கி இறக்குவதோடு சரி.

மெட்டில் இறங்கியபோது பல் கிட்டியது. கட்டஞ்சாயா கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றோம். கீழே போடியின் விளக்குகள், அதைத் தாண்டிக் கரும்பலகை மாதிரி சமவெளி. வானம் வெளுக்க வெளுக்க விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கி, அந்த இடத்தில் தென்னந்தோப்புகளும் கண்மாய்களும் எழுந்து வந்தன. ஆறரைக்குச் சூரியன். பார்க்க நின்றவர்கள் நாங்கள் மூன்று பேர், ஒரு லாரி டிரைவர், இரண்டு நாய்கள். டிரைவரும் சூரியனைப் பார்க்கவில்லை, டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே நேரத்தில் கொழுக்குமலை உச்சியில் நூற்றுக்கணக்கானவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள் என்றார் மச்சான். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. அங்கே விடியற்காலையே ‘சீசன்’ ஆகிவிட்டது. சீக்கிரம் எழுந்தால் மட்டும் போதாது, எல்லோரும் சீக்கிரம் எழுந்து எங்கே போகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

அங்கிருந்து தோண்டிமலைப் பக்கம் மச்சானுக்குத் தெரிந்த ஒரு தோட்டம். கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். ஏலத்தோட்டம் என்றால் மகள் தேயிலை மாதிரி வெட்டவெளியை எதிர்பார்த்திருந்தாள். இது காடு. பெரிய மரங்களின் நிழலில் ஆளுயரத்துக்கு மேல் தட்டைகள். காய் எங்கே என்று அவள் இலைகளுக்கு நடுவே தேடினாள். ஒரு பெண் சிரித்துக்கொண்டே தரையைக் காட்டினார். ஏலக்காய் மேலே காய்ப்பதில்லை. செடியின் அடியிலிருந்து கிளம்பும் சரங்கள் மண்ணில் படர்ந்து கிடக்க, அவற்றில்தான் காய். எடுப்பவர் குந்தி உட்கார்ந்து, சருகை விலக்கி, சரத்தை இடது கையில் தூக்கிப் பிடிக்கிறார். வலது கைப் பெருவிரல் முற்றிய காயை மட்டும் தள்ளி எடுக்கிறது. அதே சரத்தில் அடுத்து நிற்பது பிஞ்சு. அதைத் தொடக் கூடாது. அது அடுத்த சுற்றுக்கு. கண் பார்த்து முடிவு செய்கிற மாதிரி தெரியவில்லை. விரலே முடிவு செய்துவிடுகிறது.

“அஞ்சு கிலோ பச்சைக்காய் ஸ்டோர்ல காஞ்சா ஒரு கிலோ” என்றார் மச்சான். காய்ந்ததைச் சல்லடையில் தரம் பிரித்துப் போடிக்கு அனுப்புவார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில், வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்பார்கள். பாயசத்தில் நாம் ஒதுக்கி வைக்கிற அந்தத் தோல் எத்தனை கை தாண்டி வருகிறது என்று நான் பாடம் நடத்தத் தொடங்கினேன். மகள் பச்சைக்காய் ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பாடம் அதோடு முடிந்தது.

ஒன்பது மணிக்குத் திரும்பினோம். மூன்று வளைவு இறங்கும் வரைக்கும் பாதை எங்களுடையது. நான்காவதில் முதல் டெம்போ டிராவலர், கூரையில் லக்கேஜ், உள்ளே பாட்டு. அதன் பின்னால் கார், கார், கார். ஒரு சுற்றுலா பஸ் வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்னால் வர, பின்னால் வருவதற்கு இடம் விடாமல் ஒரு கார் அதன் வாலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. மச்சான் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். பதினைந்து நிமிஷம். புலியூத்து அருவிப் பக்கம் பாதையிலேயே வண்டியை விட்டுவிட்டுப் போட்டோ எடுக்க இறங்கியிருந்தார்கள். அருவியில் மார்கழிக்குத் தகுந்த தண்ணீர்தான், நூல் மாதிரி. அதை மறைத்துக்கொண்டு முப்பது பேர். முக்கால் மணியில் ஏறிய தூரத்தை இறங்க ஒன்றே முக்கால் மணி ஆனது.

மத்தியானம் குரங்கணிக்குப் போனோம். அங்கே கூட்டம் குறைவு. அதற்குக் காரணம் தெரிந்தவர்கள் அதை வசதி என்று சொல்ல மாட்டார்கள். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்துபோனார்கள். ‘யாரும் போகாத பாதை’ என்று செல்போனில் வீடியோ போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது. கூட்டத்தைத் தவிர்க்க இடத்தை மாற்றுகிறவன் காட்டுக்குள் போய்விடுவான். நேரத்தை மாற்றுகிறவனுக்கு ரோடே போதும். நடக்கத்தான் வேண்டும் என்றால், 2024 அக்டோபரில் அரசு திறந்த 40 மலையேற்றப் பாதைகளில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று. முன்பதிவு உண்டு, வழிகாட்டி கூட வருவார், தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். நாங்கள் அன்று நடக்கவில்லை. கொட்டகுடி ஆற்றோரம் கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்தோம்.

அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மேகத்துக்குள் டாப் ஸ்டேஷன். பெயர் வந்த கதை மகளுக்குப் பிடித்திருந்தது. 1902-ல் மூணாறு பக்கமிருந்து மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-ல் அது குட்டி ரயிலானது. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வரும். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. “கம்பியில ஆளு தொங்கலாமா?” என்று கேட்டாள். பெட்டிக்கு மட்டும்தான் என்றேன். “அப்ப க்யூவே இருந்திருக்காது” என்றாள்.

சாயங்காலம் ஆறரைக்கு முந்தலில் டீக்கு நின்றோம். மலையில் மேலிருந்து கீழ்வரை விளக்குகள் நகராமல் நின்றன. எந்த வளைவிலோ இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டதாகச் சொன்னார்கள். நாலு மணிக்கு வேலை முடிந்த தோட்டத்து ஜீப்புகளும் அந்த வரிசைக்குள்தான் இருந்தன. “சாதா நாள்ல இந்நேரம் வீட்டுல உலை வச்சிருப்பாக” என்றார் மச்சான்.

ஏழரைக்குத்தான் முதல் ஜீப் வந்தது. அதில் காலையில் சிரித்த அந்த அம்மா இருந்தார். கடை வெளிச்சத்தில் மகளை அடையாளம் தெரிந்துகொண்டு, “என்ன பாப்பா, சுத்திப் பார்த்தாச்சா?” என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. இறங்கி, மரத்துப்போன கால்களைத் தரையில் இரண்டு தரம் உதறிவிட்டு, கடைக்காரரிடம் பால் பாக்கெட் இருக்கிறதா என்று கேட்டார். தீர்ந்துவிட்டது. லீவு நாள் கூட்டத்தில் மத்தியானமே தீர்ந்துவிட்டதாம்.